மீட்டர் நின்றுபோனால்

தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போய்வரும் ஒரு பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். நெய்து முடித்த புடவைகளைக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ப்பதும், பாவும் ஜரிகையும் வாங்கிவருவதும் அதன் வேலை. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. வேக முள் 40-ல் நிற்கிறது, லாரியை முந்தும்போது 60-க்கு ஏறுகிறது. முள்ளுக்குக் கீழே இருக்கும் எண்கள் மட்டும் பொங்கலுக்குப் பார்த்த அதே எண்கள். ஆடியும் வந்துவிட்டது, கிலோமீட்டர் கணக்கு இன்னும் தையிலேயே நிற்கிறது.

பலர் இதை ஒரு பழுதாகவே நினைப்பதில்லை. வண்டிதான் ஓடுகிறதே, எண் ஓடாவிட்டால் என்ன என்று விட்டுவிடுவார்கள். எனக்கு இது பெரிய பழுதாகவே படுகிறது. இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் டைமிங் பெல்ட்டும் கிலோமீட்டர் கணக்கில்தான் மாற்றப்படுகின்றன. டைமிங் பெல்ட்டின் ஆயுள் பல இன்ஜின்களில் 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர் வரை. அது ஓடும்போது அறுந்தால் சில இன்ஜின்களில் வால்வுகளே வளைந்துபோகும். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்ற கணக்கும் இதோடு போய்விடும். மைலேஜ் குறைவதுதான் பல நோய்களின் முதல் அறிகுறி. மீட்டர் நின்ற வண்டியில் அந்த அறிகுறியைப் பார்க்க வழியே இல்லை.

பழுதைத் தேடுவதற்கு முன்னால் ஓடோமீட்டர் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தூரத்தை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு நீளம் என்று தொழிற்சாலையில் முடிவுசெய்து, அந்தக் கணக்கைப் பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கையாகவே உள்ளே வைத்துவிட்டார்கள். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு விவரித்த கருவியும் இதைத்தான் செய்தது. 4 அடி விட்டமுள்ள வண்டிச் சக்கரம் ஒருமுறை சுற்றினால் பன்னிரண்டரை அடி என்று அவர் கணக்கிட்டார். சக்கரம் 400 முறை சுற்றியதும் ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். 400 சுற்று என்றால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் போதும்.

நம் மாருதிக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அதன் டயரில் 145/70 ஆர் 12 என்று அச்சிட்டிருக்கும். ரிம் 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். டயரின் பக்கச்சுவர் உயரம் 145-ல் 70 சதவீதம், அதாவது 101.5 மில்லிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு. கூட்டினால் விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர், சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் சக்கரம் சுமார் 627 முறை சுற்றும். பாரத்தில் டயர் கொஞ்சம் நசுங்குவதால் உண்மையில் இன்னும் சில சுற்றுகள் கூடும். ஜப்பானியத் தரத்தில் மீட்டர் கேபிள் ஒரு கிலோமீட்டருக்கு 637 முறை சுற்ற வேண்டும். ஆக, இந்தச் சின்ன வண்டியில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கேபிளும் ஏறக்குறைய ஒரு சுற்று சுற்றுகிறது. 637 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அந்தச் சுற்று மீட்டருக்கு வந்துசேரும் பாதை நீளமானது. முன்சக்கரங்கள் இழுக்கும் மாருதியில், டிஃபரன்ஷியலோடு சேர்ந்து சுழலும் ஒரு பல்சக்கரத்திலிருந்து பாதை தொடங்குகிறது. அம்பாசடரில் அது கியர்பாக்ஸின் வால்பக்கத் தண்டு. அதோடு கோத்துக்கொண்டு ஒரு சிறு பிளாஸ்டிக் பல்சக்கரம் சுற்றும். மெக்கானிக்குகள் அதை மீட்டர் பினியன் என்பார்கள். பினியனின் நடுவில் சதுரத் துளை, அதில் கேபிளின் சதுர முனை. கேபிள் இன்ஜின் அறையைக் கடந்து, தடுப்புச் சுவரைத் துளைத்து, டேஷ்போர்டின் பின்புறம் ஏறி மீட்டரின் தண்டில் செருகிக்கொள்ளும்.

மீட்டருக்குள் பாதை இரண்டாகப் பிரிகிறது. பழுதைத் தேடுபவருக்கு இந்தப் பிரிவுதான் மிக முக்கியமான தகவல். தண்டின் நுனியில் ஒரு காந்தம் இருக்கிறது. அதைத் தொடாமல், மிக நெருக்கமாக ஒரு அலுமினியக் கிண்ணம் கவிந்திருக்கிறது. வேக முள் அந்தக் கிண்ணத்தோடு இணைந்தது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவை கிண்ணத்தைக் காந்தம் போகும் திசையில் இழுக்கின்றன. ஒரு மெல்லிய சுருள்வில் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் சமனாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, ஏறக்குறைய நூறாண்டு காலம் உலகின் பெரும்பாலான கார்களில் இருந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. அலுமினியம் சூடேறினால் அதன் மின்தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் கூடும், சுழல் மின்னோட்டம் அந்த அளவுக்குக் குறையும். சித்திரை வெயிலில் மூடி நின்ற வண்டியின் டேஷ்போர்டு, விடியற்காலையைவிட 30 டிகிரி அதிகச் சூட்டில் இருந்தால், முள் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டியிருக்கும். அப்படிக் காட்டாமல் இருக்கக் காந்தத்தின் அருகே நிக்கல்-இரும்புக் கலவைத் தகடு ஒன்றை வைத்தார்கள். குளிர்ந்திருக்கும்போது அது காந்தப்புலத்தில் ஒரு பங்கைத் தன் வழியே திருப்பிக்கொள்ளும். சூடேறும்போது அந்தப் பங்கை விட்டுவிடும். மின் இணைப்பே இல்லாத ஒரு கருவி வெயிலுக்குத் தன்னைத்தானே திருத்திக்கொண்டது என்பதை நான் இன்றும் வியப்போடுதான் நினைக்கிறேன்.

இரண்டாவது பாதை ஓடோமீட்டருடையது. இங்கே காந்தமும் இல்லை, புலமும் இல்லை. பல்லைப் பல் தள்ளுகிறது. தண்டில் வெட்டிய திருகுப்பல் ஒரு சிறு பல்சக்கரத்தைத் திருப்பும், அது அடுத்ததை, அது எண் உருளையை. நூறு மீட்டர் காட்டும் உருளை இருந்தால் அது முழுதாக ஒருமுறை சுற்றுவதற்குள் கேபிள் 637 முறை சுற்றியிருக்கும். ஒரு கிலோமீட்டர் காட்டும் உருளைக்கு 6,370 முறை.

ஆகவே முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் பழுது பாதை பிரிவதற்கு முன்னால் இருக்கிறது. கேபிள், பினியன், அல்லது மீட்டரின் தண்டு. முள் நன்றாக வேலைசெய்து எண் மட்டும் நின்றால், தென்னேரி வண்டியைப்போல, பழுது மீட்டருக்குள் பல்சக்கரங்களில் இருக்கிறது. புது கேபிள் வாங்குவது வீண் செலவு. எண் ஓடி முள் மட்டும் படுத்திருந்தால் கிண்ணத்தையோ சுருள்வில்லையோ பார்க்க வேண்டும். முள் துடித்துக்கொண்டே இருந்தால், காய்ந்துபோன அல்லது மடங்கிய கேபிள். டேஷ்போர்டிலிருந்து கிரீச்சென்ற ஒலி வந்தாலும் பெரும்பாலும் அதேதான். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், ஓட்டும்போது பார்த்தும் கேட்டும் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

கேபிளைச் சந்தேகித்தால் மீட்டரின் பின்புறம் அதைக் கழற்றிவிடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் திருப்ப வேண்டும். கேபிளின் நடுக்கம்பி சுற்றுகிறதா என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாம். மற்றச் சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதி வேகத்தில்தான் சுழலும். சக்கரத்தை இரண்டு முறை திருப்பினால்தான் கம்பி சுமார் ஒரு முறை சுற்றும். இது தெரியாமல், கம்பி நழுவுகிறது என்று முடிவுகட்டி நல்ல பினியனை மாற்றியவர்கள் உண்டு. கம்பி சுற்றவே இல்லையென்றால் கீழ்முனையைக் கழற்றி, கம்பி அறுந்திருக்கிறதா, பினியனின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கம்பி ஒற்றைக் கம்பி இல்லை. மெல்லிய எஃகு இழைகளை ஒரு சுற்று வலமாகவும் அதன்மேல் அடுத்த சுற்று இடமாகவும், அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்தது. காஞ்சிப் பட்டின் பாவு இழையை முறுக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முறுக்கிய திசையில் திருப்பினால் இறுகும், எதிர்த்திசையில் திருப்பினால் பிரியும். மீட்டர் கேபிளையும் வண்டி முன்னால் போகும்போது வெளியடுக்கு இறுகும்படிதான் சுற்றியிருப்பார்கள். அதனால் நீளமும் முனையும் பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் கேபிளை மாட்டுவது சரியில்லை. அதன் முறுக்கு எதிராக இருந்தால் சில மாதங்களில் இழை பிரிந்து உறையைக் கிழிக்கும்.

கேபிள் அறுந்திருந்தால் மாற்றுவதற்கு முன்னால் ஏன் அறுந்தது என்று கேட்க வேண்டும். அறுந்த கம்பியில் ஒரு துண்டை மீட்டரின் தண்டில் செருகி விரலால் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் கேபிள் வயதாகி அறுந்தது. இறுக்கமாக இருந்தால் மீட்டர் சிக்கிக்கொண்டு கேபிளை முறித்திருக்கிறது, புதியதையும் அதே வாரத்தில் முறிக்கும். புது கேபிளுக்கு கிரீஸ் தடவும்போது கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். சுழலும் கம்பியின் முறுக்கு கிரீஸை மெல்ல மேலே ஏற்றும். மேல்முனை வரை அப்பிவிட்டால் அது மீட்டருக்குள் போய், காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைக்கும். பினியனின் ஆயில் சீல் தேய்ந்த வண்டிகளில் கியர் ஆயிலே இப்படி ஏறி மீட்டர் கண்ணாடிவரை வந்துவிடுகிறது. பாதையில் எங்கும் கூர்மையான வளைவு கூடாது.

இனி நம் வண்டியின் பழுது இருக்கும் இடத்துக்கு வருவோம், எண் உருளைகளுக்கு. ஒவ்வொரு உருளைக்கும் இடையில் ஒரு குட்டிப் பல்சக்கரம் இருக்கிறது. வலப்பக்க உருளை ஒன்பதிலிருந்து சுழிக்கு வரும்போது மட்டும், அதன் ஓரத்தில் இருக்கும் பல் அந்தக் குட்டிச் சக்கரத்தைத் தட்டும். அது இடப்பக்க உருளையைப் பத்தில் ஒரு சுற்று தள்ளும். மற்ற நேரமெல்லாம் இடப்பக்க உருளை பூட்டப்பட்டு அசையாமல் இருக்கும். 47,312-லிருந்து 47,313-க்குப் போக ஒரே உருளை திரும்பினால் போதும். 49,999-லிருந்து 50,000-க்குப் போக ஐந்து உருளைகளும் அவற்றுக்கு நடுவே உள்ள எல்லாக் குட்டிச் சக்கரங்களும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும். எல்லாவற்றின் உராய்வையும் தாங்கித் தள்ளுவது முதல் பல்சக்கரம் ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்த இடப்பக்க உருளையில் தூசியும் காய்ந்த கிரீஸும் இறுகியிருக்கும். அதனால்தான் மீட்டர்கள் 9-கள் வரிசையாக நிற்கும் இடத்தில் அடிக்கடி உயிரை விடுகின்றன. எண்கள் பல, பாதி திரும்பிய நிலையில் நின்றிருந்தால் உருளைகளுக்குள் ஏதோ சிக்கியிருக்கிறது. எண்கள் ஒழுங்காக நின்று, உள்ளே சிறு பல்சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால், அது தன் அச்சில் பிடியை இழந்து நழுவுகிறது.

இரண்டாவதுதான் அதிகம் காணப்படுவது. நைலான் அல்லது அசிட்டால் பிளாஸ்டிக்கில் வார்த்த சக்கரத்தை, வரிவரியாகக் கீறிய உலோக அச்சில் அழுத்தி ஏற்றியிருப்பார்கள். அந்த அழுத்தம் எப்போதும் பிளாஸ்டிக்கை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். இருபது முப்பது கோடை டேஷ்போர்டுச் சூட்டைத் தாங்கியபின் அது நடுவில் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் இரு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடுவதால் சக்கரம் அங்கே வரும்போதெல்லாம் தாவும் அல்லது முட்டும். டிரிப் மீட்டர் உள்ள வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுழிக்குத் திருப்புவதும் பற்களை உடைக்கிறது.

சரிசெய்யப் பொறுமை வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, மீட்டரை வெளியே எடுத்து, முள்ளைத் தொடாமல் பின்பக்கம் திறக்க வேண்டும். உடைந்த சக்கரத்தின் பற்களை எண்ணி, அதே எண்ணிக்கையும் அதே விட்டமும் உள்ளதைத்தான் போட வேண்டும். ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு நிரந்தரமாகப் பிழையாகிவிடும். அசிட்டாலில் பசை ஒட்டாது, ஒட்டினாலும் நிற்காது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதியதும் புதுப்பேட்டையில் கழற்றியதும் தேடலாம். உருளைகளில் ஸ்ப்ரே எண்ணெய் அடிக்க வேண்டாம். அது தூசியை இழுக்கும், எண்களின் பெயின்ட்டையும் கெடுக்கும்.

பூட்டும் முன்பே சோதித்துப் பார்க்க முடியும், 637 இங்கேதான் உதவுகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய டிரில்லில் ஒரு சதுரத் துண்டை மாட்டி, வண்டி முன்னால் போகும்போது கேபிள் சுற்றும் அதே திசையில் மீட்டரின் தண்டை நிமிடத்துக்கு 637 சுற்று சுழற்றினால், நிமிடத்துக்குச் சரியாக ஒரு கிலோமீட்டர் ஏற வேண்டும். முள் 60-ஐயோ அதற்குச் சற்று மேலேயோ காட்ட வேண்டும். சற்று மேலே காட்டுவது பிழை இல்லை. உண்மையான வேகத்தைவிட முள் ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டினால் பத்து சதவீதமும் 4 கிலோமீட்டரும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39-ஆம் விதி. ஓடோமீட்டருக்கு இப்படி ஒரு பக்கச் சாய்வு வைப்பதில்லை. பழைய மீட்டர்கள் பலவற்றில் தண்டை எதிர்த்திசையில் சுழற்றினால் எண் குறையும். அமெரிக்கா 1972-லேயே சட்டம் போட்டுத் தடுத்த ஏமாற்று இதுதான். இங்கும் குறைத்த எண்ணைக் காட்டி வண்டி விற்பது மோசடியே. வாங்குபவர் அந்த எண்ணை நம்பித்தான் பெல்ட்டை மாற்றாமல் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போகிறார்.

ஓடத் தொடங்கிய மீட்டர் சரியாக எண்ணுகிறதா என்பது வேறு கேள்வி. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோல்களின் நீளத்தைப் பல கோயில்களின் சுவர்களில் கோடாகச் செதுக்கிவைத்தார்கள். யார் கோலில் சந்தேகம் வந்தாலும் சுவரில் வைத்துப் பார்க்கலாம். ஓடோமீட்டருக்கு அந்தச் சுவர் நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல். சுங்குவார்சத்திரம் பக்கம் போகும் சென்னை-பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலைக் கற்களைப் பார்த்து, பத்து கிலோமீட்டர் தடம் மாறாமல் ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கிலோமீட்டரை வைத்து முடிவுசெய்ய வேண்டாம், எண் உருளையைப் படிப்பதில் வரும் பிழையே அதில் பெரிதாகிவிடும்.

வித்தியாசம் இருந்தால் முதலில் டயரைப் பாருங்கள். 145/70-க்குப் பதில் யாரோ 145/80 போட்டிருந்தால் சுற்றளவு 5.7 சதவீதம் கூடிவிடும். வண்டி 100 கிலோமீட்டர் ஓடியிருக்க, மீட்டர் 95-ஐக்கூட எட்டாது. தேய்ந்த டயர் எதிர்மாறு. அது சிறுத்து, அதிகம் சுற்றி, இல்லாத தூரத்தை எண்ணும். இந்தப் பிழை சுமார் 2 சதவீதம் அளவில்தான் இருக்கும். சாலையின் பள்ளம் மேடுகளும் சுற்றாகத்தான் எண்ணப்படுகின்றன. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே இந்தியப் பெரு நில அளவையின் அடிக்கோட்டை, சுமார் ஏழரை மைல், அளந்தபோது உருளும் சக்கரத்தை நம்பாமல் 100 அடி எஃகுச் சங்கிலியைப் போட்டுப் போட்டு அளந்ததற்கு இது ஒரு காரணம்.

இப்போது சாலையில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் கேபிள் இல்லை. வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டின் காலம் போய், 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010-ல் ஒரகடத்திலும் கார் ஆலைகள் வந்தன. தென்னேரியிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் பிறந்த அந்தக் கார்களிலேயே பல இன்று பழைய வண்டிகளாகிவிட்டன. கேபிள் போன இடத்தில் கியர்பாக்ஸிலோ சக்கரத்திலோ ஒரு காந்தப்புல உணரி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு நான்கு துடிப்பு என்ற ஜப்பானியக் கணக்கில் கிலோமீட்டருக்கு 2,548 துடிப்புகள், அதாவது 39 சென்டிமீட்டருக்கு ஒன்று. தேடும் முறை மாறவில்லை. முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்று, ஸ்கேனரில் பி0500 என்ற குறியீடு வந்தால் உணரியின் பக்கம் போக வேண்டும். மூன்று கம்பி உணரியில் மின்சாரமும் எர்த்தும் வருகிறதா, சக்கரத்தைத் திருப்பும்போது மூன்றாவது கம்பியில் வோல்டேஜ் மாறி மாறி வருகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்க்கலாம். பாதிப் பழுதுகள் பச்சை பூத்த கனெக்டரிலேயே தீர்ந்துவிடும். முள் ஓடி எண் மட்டும் மங்கியோ விட்டுவிட்டோ தெரிந்தால் மீட்டர் பலகையில் விரிசல் விட்ட சால்டரிங் இணைப்புகளைத் தேட வேண்டும். எண்ணைச் சேமிக்கும் நினைவுச் சிப்புக்கும் ஆயுள் உண்டு. ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதினால் தேய்ந்துபோகக்கூடியவை பல. அதனால் வடிவமைப்பாளர்கள் எண்ணை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் எழுதவைக்கிறார்கள்.

மீட்டர் முழுவதையும் மாற்ற நேர்ந்தால், பழைய எண், புதிய எண், தேதி மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். விற்கும்போது அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். நம் மாருதிக்கு இன்னொரு வேலையும் பாக்கி, தை முதல் ஆடி வரை ஓடிய தூரம். அதற்கு வழி பெட்ரோல் பில்கள். மீட்டர் சரியானதும் டேங்கை நிரப்பி, சில வாரம் வழக்கம்போல ஓட்டி, மீண்டும் நிரப்பி மைலேஜைக் கண்டுபிடியுங்கள். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் வருகிறது, நின்றிருந்த மாதங்களில் 180 லிட்டர் போட்டிருக்கிறது என்றால் 3,060 கிலோமீட்டர். அந்த எண்ணை மீட்டரில் ஏற்ற வேண்டாம். புத்தகத்தில் எழுதி, அடுத்த ஆயில் மாற்றத்தை 3,060 கிலோமீட்டர் முன்னதாகவே செய்துவிடுங்கள்.